ஆஷ்ட்ரே ஸ்க்ரூ

மார்ச் 4, செவ்வாய்

கார் ரேடியோ செத்துவிட்டது. வண்டி கிளம்புகிறது, ஹாரன் அடிக்கிறது, விளக்கு எரிகிறது. ரேடியோவில் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. நேற்றுச் சாயங்காலம்தான் டேஷ்போர்டில் போன் வைக்கிற ஸ்டாண்ட் மாட்டி அழகு பார்த்தேன். கண்ணு பட்டுடுச்சோ? ஏழரை மணி நிகழ்ச்சி போயே போச்சு.

மார்ச் 5, புதன்

"வீட்லதான் ரேடியோ இருக்கே, கேட்டுட்டுக் கிளம்பேன்" என்கிறார் வீட்டுக்காரர். அக்கா குரல் வந்ததும் என் முகம் போகிற போக்கை இவர் பார்க்கவா? காருக்குள் என்றால் யாருக்கும் தெரியாது.

"என்ன ரிப்பேர்?" என்பது அக்கா நடத்தும் நிகழ்ச்சி. குழாய் ஒழுகுது, ஃபிரிட்ஜ் கத்துது என்று போன் செய்வார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக் பதில் சொல்வார். நானும் அவளும் பேசிப் பதினாலு மாதம் ஆகிறது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் முன்னால், "உனக்கு வேலைதான முக்கியம்? அப்ப வராத" என்றேன். இரண்டு ராத்திரி அப்பா பக்கத்தில் கண்விழித்துவிட்டுத்தான் அவள் அன்று வேலைக்குப் போயிருந்தாள். தெரிந்தே சொன்னேன்.

மார்ச் 7, வெள்ளி

ஃபியூஸ் மாற்றினேன். ம்ஹூம்.

மார்ச் 9, ஞாயிறு

ஸ்டீரியோவையே வெளியே இழுத்துவிட்டேன். டெஸ்ட் பல்பின் கிளிப்பைக் கதவு இரும்பில் கவ்வவிட்டு மஞ்சள் வயரைத் தொட்டேன் — எரிந்தது. சாவியைத் திருப்பிச் சிவப்பைத் தொட்டேன் — அதுவும் எரிந்தது. கரண்ட் வருகிறது. அப்புறம் என்ன கேடு இதுக்கு, வாயைத் திறந்தா என்ன?

கடையில் கொடுத்தால் புதுசு மாட்டச் சொல்வார்கள். இது அப்பா கார். அக்கா முதல் வேலை கிடைத்த வருஷம் அவளே வாங்கி, அவளே மாட்டிய ஸ்டீரியோ. தூக்கிப் போட மனசு வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

பல் ஆஸ்பத்திரியில் வேலை. நாள் முழுக்க ஊராரை "வாயைத் திறங்க" என்கிற இடம். எனக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

மார்ச் 12, புதன்

பண்ணிட்டேன்! ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தி, குரலைக் கட்டையாக்கிக்கொண்டு நிகழ்ச்சிக்கே போன் போட்டேன்.

"பேர் வேணாங்க. கார் ரேடியோ ஓடல. மஞ்சள், சிவப்பு ரெண்டுலயும் கரண்ட் வருது."

"அப்ப எர்த் விட்டிருக்கும்மா" என்றார் மெக்கானிக். "கரண்ட் வந்தா மட்டும் போதாது, திரும்பிப் போக வழி வேணும். கறுப்பு வயர் எங்க போய் முடியுதுன்னு பாருங்க."

"தெரியலைங்க, உள்ள எங்கயோ போகுது."

மெக்கானிக் அடுத்ததைச் சொல்வதற்குள் அக்கா: "ஆஷ்ட்ரேயக் கழட்டினீங்களா?"

கழற்றினேனே! போன வாரத் திங்கட்கிழமை, அந்த ஸ்டாண்டுக்கு இடம் வேண்டுமென்று. சிகரெட்டே பிடிக்காத குடும்பத்துக்கு ஆஷ்ட்ரே எதற்கு?

"அந்த ஸ்க்ரூலதான் நான் கறுப்பு வயரக் கட்டினேன். அப்பாகூடத் திட்டினாரு. துருவச் சுரண்டிட்டு, நல்லா இறுக்கி முறுக்குடி."

'டி' என்றாள். ரேடியோவில், ஊரே கேட்க! மெக்கானிக் இருமினார். "சரிக்கா" என்று வைத்துவிட்டேன். கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்டேனா? மக்கு, மக்கு.

மார்ச் 13, வியாழன்

ஸ்க்ரூ சீட்டுக்கு அடியில் கிடந்தது. நகம் தேய்க்கிற அரத்தால் துருவைச் சுரண்டி, வயரை வைத்து இறுக்கினேன். பச்சை வெளிச்சம் வந்தது, அதற்குப் பின்னாலேயே அக்கா வந்தாள்: "நேத்து ஒரு கார் ரேடியோ கேஸ் வந்துச்சு. ஓடுதா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லல பாருங்க, திமிர்."

காருக்குள் தனியாகச் சிரித்து, அழுது, மூக்கைச் சிந்தி, மெசேஜ் அனுப்பினேன்: "ஓடுதுக்கா. அன்னைக்கு ஆஸ்பத்திரில நான் சொன்னது பெரிய தப்பு. தெரிஞ்சேதான் சொன்னேன். மன்னிச்சுடு."

நிகழ்ச்சி முடிந்ததும் பதில் வந்தது: "நீ தெரிஞ்சு சொன்னேன்னு எனக்கும் தெரியும். ரெண்டு நாள் அழுதேன். ஞாயித்துக்கிழமை லீவு. வண்டிய எடுத்துட்டு வா."

மார்ச் 16, ஞாயிறு

ஏறி உட்கார்ந்ததும் அக்கா ஸ்டாண்டைப் பிடுங்கிப் பின்சீட்டில் போட்டாள். ஆஷ்ட்ரேயை அது இருந்த இடத்தில் மாட்டினாள். மூன்று மணி நேரம் ஊரைச் சுற்றினோம். பேசிப் பேசி இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிவிட்டது. ரேடியோவைப் போடவே இல்லை.