அம்மா சொன்ன சாட்சி

12 ஜூன் 2023, திங்கள்

காலையிலிருந்து மழை. ஆரியசாலைத் தெருவில் முழங்கால் வரை தண்ணீர். இட்லிக் கொப்பரை வாங்க ஒரு ஹோட்டல்காரர் வந்ததோடு சரி. பாத்திரக் கடையின் பில் மேசையில் உட்கார்ந்து பகல் முழுக்க ஈ ஓட்டினேன்.

மூன்று மணிக்கு கத்தோலிக்கச் சபையின் கல்யாண ட்ரிபியூனலிலிருந்து போன். என் வழக்கில் அம்மாவைச் சாட்சியாக விசாரிக்கிறார்களாம். ஜூலை பதினெட்டு, பத்தரை மணி. மனுப் போட்டுப் பதினைந்து மாதம் கழித்து இப்போதுதான் சாட்சி.

கோர்ட்டில் பிரஜினிடமிருந்து விவாகரத்து கிடைத்து ஏழு வருஷம் ஆகிறது. சபைக்கு அது வெறும் காகிதம். பதினோரு மாதம் அவனோடு வாழ்ந்து, கை எலும்பு முறிந்து ஓடி வந்த நான் சபையின் கண்ணில் இன்னும் அவன் மனைவி. அந்தக் கல்யாணமே செல்லாது என்று ட்ரிபியூனல் சொன்னால்தான் சஜியைக் கோயிலில் கட்டலாம். அடித்தான் என்பதற்காகச் சொல்ல மாட்டார்கள். அது கல்யாணத்துக்குப் பிறகு நடந்ததாம். கல்யாணத்தன்று என் சம்மதம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

இல்லை. அது தெரிந்தவர்கள் மூன்றே பேர். நான், அப்பா, அம்மா. அப்பா செத்து ஆறு வருஷம்.

கடையில் என்னோடு வேலை பார்க்கும் இசக்கிசெல்வி கேட்டாள். "ஏட்டி, பேசாம ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கெட்டிக்கிட்டுப் போவியா? ஒரு மாப்பிள்ளைய வச்சுக்கிட்டு ரெண்டு வருசமா இப்படி சாமியார் வாசல்ல நிக்க?" அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது? ரெஜிஸ்டர் ஆபீஸில் கட்டினால் எனக்கு நற்கருணை கிடையாது. முதல் நற்கருணை வாங்கிய எட்டு வயதிலிருந்து நான் பூசை தவறியதில்லை. கை முறிந்து கட்டுப் போட்டிருந்தபோதும் போனேன். அது இல்லாத ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரியாது.

2 ஜூலை 2023, ஞாயிறு

தமிழ்ப் பூசையில் பாடினேன். தொண்டை கட்டியிருந்தது. பூசை முடிந்ததும் சாமியார் கூப்பிட்டு, "அம்மா தைரியமாப் பேசுவாங்கல்ல?" என்று கேட்டார். என் மனுவை எழுதிக் கொடுத்தவரே அவர்தான். இந்தப் பங்கில் தமிழ் தெரிந்த ஒரே சாமியாரும் அவர்தான். அம்மா மாதிரி கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்த கிழங்கட்டைகள் எல்லாம் பாவசங்கீர்த்தனத்துக்கு அவரிடம்தான் போகும். மலையாளத்தில் காய்கறி வாங்கலாம், பாவம் சொல்ல வராது என்பாள் அம்மா.

17 ஜூலை 2023, திங்கள்

அம்மாவிடம் கேட்டேன், நாளைக்கு என்ன சொல்வாய் என்று.

"நடந்தத சொல்லுவேன் மக்ளே. வேற என்னத்தச் சொல்ல?"

நடந்தது இது. எனக்கு இருபது வயது. மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. கல்யாணத்தன்று காலை, மாட்டேன் என்று அழுதேன். பிரஜினை இரண்டு தடவைதான் பார்த்திருந்தேன், இரண்டு தடவையும் குடித்திருந்தான். அப்பா வெளியே போய்விட்டார். அம்மா கதவைச் சாத்திவிட்டு அடித்தாள். கிணற்றில் விழுவேன் என்றாள். கன்னத்தில் விரல் பதிந்துவிட்டது. அதை மறைக்க அவளே பவுடர் அப்பினாள். ஆல்பத்தில் ஒரு கன்னம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவராக வெளுத்திருக்கும். பீடத்தின் முன் சாமியார் கேட்டபோது, முழு மனதோடு வந்தேன் என்றேன். அம்மா முதல் வரிசையில் நின்றாள்.

அவளை இத்தனை வருஷம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஏழைக்குப் பெண்ணைக் கரையேற்றுவதுதான் தெரியும், விடு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

18 ஜூலை 2023, செவ்வாய்

போய் வந்தோம். முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தாள். எனக்கு உள்ளே அனுமதி இல்லை. வெளியே வந்து, "கேட்டதுக்கெல்லாம் சொன்னேன்" என்றாள். முகம் வியர்த்திருந்தது. பாவமாக இருந்தது. பழவங்காடியில் பழம்பொரியும் சாயாவும் வாங்கிக் கொடுத்தேன். மூன்று தின்றாள்.

9 நவம்பர் 2023, வியாழன்

எழுதினால்தான் ஆத்திரம் அடங்கும்.

இன்று வழக்குக் கட்டைப் படிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். தீர்ப்புக்கு முன் ஒருமுறை பார்க்கலாம், நகல் கிடையாது. செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கல்யாணம் செல்லும் என்று வாதாடவே அங்கே ஒரு சாமியார் வக்கீல் உண்டு. கல்யாண பந்தத்தைக் காப்பது அவர் வேலை. ஆல்பத்தைப் பார்த்துவிட்டு மணமகள் சிரித்தபடி இருப்பதாக எழுதியிருக்கிறார். என் கை முறிந்தபோது இந்தக் காவல்காரர் எங்கே இருந்தார்?

அதுகூடப் போகட்டும். அதற்கடுத்த பக்கம் அம்மா.

மகளை யாராவது கட்டாயப்படுத்தினார்களா? — இல்லை.

கல்யாணத்தன்று அழுதாளா? — வீட்டை விட்டுப் போகிற பெண் அழத்தான் செய்வாள்.

நீங்கள் அடித்ததாக மகள் சொல்கிறாரே? — என் பிள்ளையை நான் ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை.

கீழே மலையாளத்தில், சாட்சிக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டது என்று ஒரு வரி. அதற்கும் கீழே மிக்கேலம்மாள் என்று அவளுடைய கோணல் கையெழுத்து. மூன்று தடவை படித்தேன். பைபிளில் கை வைத்துச் சொன்னது. பழம்பொரி தின்றாளே! மூன்று தின்றாளே பாவி!

வீட்டுக்கு வந்து கேட்டேன். கத்தினேன் என்றே எழுத வேண்டும். பக்கத்து வீட்டில் டிவியை அணைத்துவிட்டார்கள். முதலில் அப்படிச் சொல்லவே இல்லை என்றாள். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"ஒரு சாமியாரு கேக்காரு, இன்னொருத்தரு எழுதுதாரு. எனக்க மொவள நானே அடிச்சுக் கெட்டிக் கொடுத்தேன்னு எனக்க வாயால எப்படி மக்ளே சொல்லுவேன்? ஊர்ல தெரிஞ்சா எனக்க மொகத்துல காறித் துப்ப மாட்டாவளா?"

"போய் மாத்திச் சொல்லு."

"பைபிள்ல கை வச்சாச்சு. இனி மாத்துனா நான் பொய்க்காரின்னு ஆயிரும்லா?"

ஆகும்தான். இப்போது நான் பொய்க்காரி.

11 நவம்பர் 2023, சனி

பேசவில்லை. சாயங்காலம் அம்மா முக்காடு போட்டுக்கொண்டு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள்.

12 நவம்பர் 2023, ஞாயிறு

பூசையில் எனக்கு இரண்டு ஆள் முன்னால் வரிசையில் நின்று நற்கருணை வாங்கினாள். நாக்கை நீட்டி, கண்ணை மூடி, பக்தியோடு. வீட்டுக்கு வந்து தானாகவே சொன்னாள்.

"சாமியார்ட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னாரு, சொல்லிட்டேன். ஆண்டவரு மன்னிச்சாச்சு. நீயும் விட்ரு."

ஜெபமாலையில் ஐம்பத்து மூன்று மணி. முடித்துவிட்டு நிம்மதியாக மீன் குழம்புக்குப் புளி கரைத்தாள்.

அப்படியானால் கணக்கு என்ன? பொய் சொன்னவள் சுத்தமாகிவிட்டாள். நற்கருணை உண்டு. அவள் சொன்ன பொய் கட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது, சபைக்கு அதுதான் மெய். அந்தப் பொய்யை வைத்து என்னைப் பிரஜினுக்கே பெண்டாட்டி என்பார்கள். நான் சஜியோடு குடித்தனம் நடத்தினால் பாவி, வரிசைக்கு வரக்கூடாது. கடவுளே, உனக்கு இது சரியாகப் படுகிறதா? கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகக் கேட்கிறேன்.

15 நவம்பர் 2023, புதன்

கடையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டுச் சாமியாரைப் பார்க்கப் போனேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் கழுத்தை அறுத்தாலும் சொல்லக்கூடாது. எனக்குத் தெரியாதா? ஞாயிறு மறைக்கல்வியில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். இருந்தும் போனேன்.

"ஃபாதர், எங்கம்மா பொய் சாட்சி சொல்லியிருக்கான்னு உங்களுக்குத் தெரியும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜெஸ்லின், நீ என்ன கேக்கிறேன்னு எனக்குப் புரியல."

"ஒரு ஜெபமாலையோட முடிச்சு விட்டீங்களா?"

ஜன்னலைப் பார்த்தார். பிறகு, தீர்ப்பு எதிராக வந்தால் அப்பீல் உண்டு, புதுச் சாட்சி இருந்தால் கொண்டு வா, ஜெபம் பண்ணு என்றார். புதுச் சாட்சிக்கு எங்கே போக? அப்பாவைக் கல்லறையிலிருந்து எழுப்பவா? என் மனுவை எழுதிய அதே மனுஷன். உண்மை அவர் வயிற்றில் இருக்கிறது. எனக்கு ஜெபம் பண்ணு என்கிறார். எழுந்து வந்துவிட்டேன். ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை.

19 நவம்பர் 2023, ஞாயிறு

போகவில்லை. தலைவலி என்று பாட்டுக்காரர்களுக்கு மெசேஜ் அனுப்பினேன்.

26 நவம்பர் 2023, ஞாயிறு

போகவில்லை. யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை.

6 மார்ச் 2024, புதன்

தீர்ப்பு வந்தது. கல்யாணம் செல்லாது என்பது நிரூபிக்கப்படவில்லை. பதிவுத் தபால்காரர் கடைக்கே கொண்டுவந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, வரிசையில் நின்ற விதுரா ஊர்க்காரருக்கு ஆறு அடுக்குச் சம்படத்துக்கு பில் போட்டேன். தப்பில்லாமல் போட்டேன்.

சாயங்காலம் சஜியிடம் காட்டினேன். ஒர்க்ஷாப்பில் கிரீஸ் கையோடு வாங்கி, படித்து, மடித்துத் தந்தான். "அப்பீல் வேணோ?" என்றான்.

"வேண்டாம்."

"பின்னே?"

"ரெஜிஸ்டர் ஆபீஸ்."

அவனும் நற்கருணையை விட வேண்டும், அவனுக்கும் வலிக்கும். "செரி," என்றான். "நின்டெ சம்மதம் எனிக்கு மதி." என் சம்மதம் அவனுக்குப் போதுமாம். முதல் கல்யாணத்தில் யாருக்கும் தேவைப்படாத சாமான்.

அங்கேயே நின்று அழுதேன்.

31 மார்ச் 2024, ஞாயிறு

உயிர்ப்புப் பெருவிழா. அம்மா புதுச்சேலையில் போனாள். வா என்று கூப்பிடவில்லை. நான் வீட்டில் ஒட்டடை அடித்தேன். மணிச்சத்தம் கேட்டதும் என் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. வெட்கமாக இருந்தது. பாதியில் இறக்கிக்கொண்டேன்.

2 மே 2024, வியாழன்

சப்-ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ் பலகையில் எங்கள் நோட்டீஸ். முப்பது நாளுக்குள் ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் சொன்னது: "வச்சுக்கிட்டு இருக்கப் போறேன்னு சொல்லு. கல்யாணம்னு சொல்லாத."

இதை மன்னிக்கவே மாட்டேன்.

10 ஜூன் 2024, திங்கள்

பதினோரு நிமிஷத்தில் முடிந்தது. இசக்கிசெல்வி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். "நான் போட்டா செல்லும்லா? எங்க சுடலைமாடன் மேல சத்தியமாப் போடுதேன்" என்று கிளார்க்கிடம் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். கிளார்க் என்னிடம், "சம்மதமாணோ?" என்றார். ஆமாம் என்றேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது போல, பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அம்மா வரவில்லை.

22 டிசம்பர் 2024, ஞாயிறு

சஜி பூசைக்குப் போகிறான். பின்வாசலில் நின்றுவிட்டு, நற்கருணைக்கு முன்பே வெளியே வந்துவிடுவான். "நீ வரண்டா. ஞான் போயிட்டு வராம்" என்பான். கிறிஸ்துமஸுக்காவது வா என்று அவன் தங்கை கேட்டாள். கோபமா என்று கேட்டாள். கோபம் இருந்தால் போய்ச் சண்டை போட மாட்டேனா? ராத்திரி படுக்கும்போது ஜெபம் சொல்ல வாய் திறந்தால் வழக்குக் கட்டுதான் ஞாபகம் வருகிறது. அவ்வளவுதான்.

7 செப்டம்பர் 2025, ஞாயிறு

காலையில் அம்மா வந்தாள். கரமனையிலிருந்து பேட்டைக்கு இரண்டு பஸ் மாறி, முட்டுவலியோடு. இந்த வீட்டுக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. சஜி சந்தைக்குப் போயிருந்தான். நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். அடுக்களை வாசலிலேயே நின்றாள்.

"நாளைக்கு என்னைய அந்த ட்ரிபியூனலுக்குக் கூட்டிட்டுப் போ. மாத்திச் சொல்லுதேன்."

"இனி எதுக்கு?"

"உனக்குக் கோயில்ல கெட்டலாம்லா."

"எனக்கு வேண்டாம்."

"எனக்கு வேணும் மக்ளே."

அப்புறம்தான் சொன்னாள். அன்று சாமியார் ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னது பொய். "போய் உண்மையச் சொல்லிட்டு வாங்க, அதுக்கு அப்புறம் மன்னிப்பு" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். மறுநாள் நற்கருணை வாங்கியது நான் நம்ப வேண்டும் என்பதற்காக. அதன் பிறகு நரகத்துக்குப் பயந்து ஒருநாளும் வாங்கவில்லை. ஏறக்குறைய இரண்டு வருஷம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவாளாம். அந்தச் சாமியாரும் மாறிப் போய்விட்டார். புதியவருக்குத் தமிழ் தெரியாது.

அடுப்பை அணைத்தேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மனுஷனை நான் எத்தனை திட்டியிருக்கிறேன். அவர் சரியாகத்தான் செய்திருக்கிறார், அதைச் சொல்லத்தான் முடியவில்லை. இது தெரிந்திருந்தால் நான் சபையை விட்டுப் போயிருப்பேனா, இருந்திருப்பேனா? யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கென்றால் இருந்திருப்பேன். இப்போது திரும்பிப் போக மனசில் ஒன்றும் மிச்சமில்லை. அம்மாவுக்கும் இதில் வேண்டியது என் கல்யாணம் இல்லை, அவளுடைய நற்கருணை. சிரிப்பு வந்தது.

"புதன்கிழமை கூட்டிட்டுப் போறேன்" என்றேன். "முதல்ல எங்கிட்ட சொல்லு."

"உனக்குத் தெரியும்லா?"

"சொல்லு."

நின்றபடியே சொன்னாள். கதவைச் சாத்தியது, அடித்தது, கிணறு, பவுடர், எல்லாம். "நீ வேண்டாம்னுதான் சொன்ன. நான்தான் கேக்கல." முடித்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியார் மன்னிப்பு சொல்வாரே, அப்படி நானும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். அந்த வார்த்தை எனக்கு மனப்பாடம். வாயில் வரவில்லை.

அடுப்பை மறுபடி பற்ற வைத்து, எத்தனை தோசை என்று கேட்டேன்.

இரண்டு போதும் என்றாள்.