பதினான்கு கட்டுரைகள்

மார்ச் 4

கல்லூரியில் மூன்று வகுப்புகள். தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால் நடை ஒப்பீட்டின் முடிவு தயாராக இருக்கிறது. நாவலின் நடை வேறு, பெரியவர் பத்திரிகையில் எழுதிய பதினான்கு கட்டுரைகளின் நடை வேறு. சொற்களை எப்படி எண்ணினாலும் ஒட்டவில்லை.

எல்லோரும் கொண்டாடும் அந்த நாவலை எழுதியவர் அட்டையில் பெயர் இருக்கும் பெரியவர் அல்ல, அவருடைய அறைத்தோழர் என்று ஆறு வருடமாகக் கத்துகிறேன். கைப்பிரதி முழுக்க அறைத்தோழரின் கையெழுத்து. பெரியவர் சொல்லச் சொல்ல அவர் எழுதினார் என்பது எதிரணியின் பாட்டு. இனி பாடட்டும், பார்க்கலாம்.

அறைத்தோழரின் மகளுக்கு போன் செய்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "அட்டையில அப்பா பேர் வருமா?" என்றார். வரும் என்றேன்.

மார்ச் 9

அக்கா வீட்டுக்குப் போனேன். அப்பாவின் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார். இருபத்திரண்டாம் தேதி நான் இதைப் பேசப்போகும் கருத்தரங்கில் முன்வரிசையில் இரண்டு இடம் பிடித்துவைக்க வேண்டுமாம். "தம்பியும் வெளியூர்லேருந்து வர்றான்."

மார்ச் 13

அந்தப் பத்திரிகையின் பழைய ஆசிரியரைப் பார்த்தேன். ஓர் அடிக்குறிப்புக்குத் தேதி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கேட்டதும் சிரித்தார்.

"அந்தக் கட்டுரைங்களா? அதெல்லாம் நானும் உதவி ஆசிரியரும் எழுதினதும்மா. அவர் பேரைப் போட்டா பத்திரிகை விக்கும். போன்ல ரெண்டு வார்த்தை சொல்வார், மிச்சமெல்லாம் எங்க கைவரிசை."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். உள்ளே போய், அடித்துத் திருத்திய பிரதிகளை எடுத்து வந்து காட்டினார்.

அப்படியென்றால் நான் நாவலைப் பெரியவரோடு ஒப்பிடவே இல்லை. ரெண்டு பத்திரிகைக்காரங்களோட ஒப்பிட்டுட்டு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிருக்கேன். ஐயோ.

மார்ச் 15

அறைத்தோழரைச் சந்திப்பதற்கு முன்பே பெரியவர் கல்லூரி மலரில் எழுதிய சிறுகதைகள் உண்டு. சின்னப்பிள்ளை எழுத்து என்று நானே ஒதுக்கியவை. அவற்றை வைத்து மறுபடி எண்ணினேன். நாவலோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது.

மார்ச் 16

மறுபடியும். அதேதான்.

மார்ச் 17

வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பழைய ஆசிரியர் எந்தக் கருத்தரங்குக்கும் வரமாட்டார். அக்கா சந்தோஷமாக இருப்பார் — சீ. இதை நானா எழுதுகிறேன்?

மார்ச் 20

மேடையில் கேட்டு அக்கா தெரிந்துகொள்ளக் கூடாது. நேரில் போய்ச் சொன்னேன்.  கிளம்பும்போது அக்கா, "நீயாதானே தேடி வந்தே? நான் கூப்பிடலையே" என்றார்.

உண்மைதான். நான் போகும்வரை அவருக்கு அப்பா வெறும் அப்பாவாக இருந்தார். நல்லாத்தானே இருந்தாங்க.

மார்ச் 22

உரை முடிந்தது. என் முடிவு தவறு, நாவல் பெரியவருடையதுதான் என்று சொன்னேன். எதிரணி எழுந்து நின்று கைதட்டியது. என் நேர்மைக்காம். முன்வரிசையில் இரண்டு நாற்காலியும் காலி.

மார்ச் 25

வகுப்பு. வேறொன்றுமில்லை.

மார்ச் 29

அக்காவே கூப்பிட்டார். போனேன். உட்காரச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"அப்பாவுக்குக் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். யாராவது சொன்னா எழுதுவார். தானா நாலு வரி எழுத வராது. நான் ஹாஸ்டல்ல இருந்தப்போ ஒரு லெட்டர் போட்டதில்லை."

"இதை ஏன்க்கா முன்னாடியே சொல்லலை?"

"நாவல் எழுதினப்போ அப்பா எப்படி இருந்தார்னுதானே முதல்நாளே கேட்டே? எழுதினாரான்னு நீ கேக்கவே இல்லையே. ஆராய்ச்சி பண்றவ, நீ தெரிஞ்சுதான் சொல்றேன்னு நினைச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கும் ஆசையா இருந்துது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு, அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தார்.