வெள்ளை நூல்

தை 14, இரவு.

வெளிநாட்டு எம்.பி.க்களுக்குக் காட்ட நம்ம எம்.பி.க்கு என் திராட்சைத் தோட்டந்தான் கிடைத்தது. ரோட்டோரம் இருக்கிறது, கார் வந்து நிற்கும், அதனால்தான். "பழமெல்லாம் போன வாரமே வெட்டியாச்சே" என்றேன். "நாங்க பாத்துக்கிறோம்ணே" என்றான் அவருடைய பி.ஏ. கம்பம் சந்தையில் பழம் வாங்கிவந்து பந்தல் முழுக்க வெள்ளை நூலால் கட்டினார்கள்.

போட்டோவுக்காக வெளிநாட்டு எம்.பி. அம்மா ஒருவர் கொத்தைப் பறித்தார். நூலும் சேர்ந்து வந்தது. நம்மவர் கூசாமல் கைதட்டினார். அந்த அம்மா நூலைப் பார்த்துச் சிரித்து, இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

என் மகளிடம், "என்ன ஆத்தா சொல்றாக?" என்று கேட்டேன்.

"அவுக ஊர்ல பச்சை நூல்ல கட்டுவாகளாம்ப்பா. வெள்ளைன்னா தெரிஞ்சிருமாம்."

அடுத்த மாதம் நம்மவர் அந்த நாட்டுக்குப் போகிறாராம். நல்லுறவு வளர்க்கவாம். பச்சை நூல் வாங்கிக்கொண்டு வரட்டும்.