ஞாயிற்றுக்கிழமைப் பூங்காவின் சாவி

அக்கா,

இன்று காலை பூங்கா வாசலில் டி-சட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். நடக்க வருகிற எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்று. நெஞ்சில் நம் பூங்காவின் பெயர், முதுகில் ஒரு பனியன் கம்பெனியின் பெயர். அச்சு மையின் வாசம்கூட இன்னும் போகவில்லை. மற்றவர்கள் அளவு சரியா என்று தோளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நின்ற இடத்திலேயே சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பி, தையலை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தேன். கொடுத்த தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. கழுத்து லேபிளை வெட்டி எடுத்திருந்தார்கள். ஏதோ வெளிநாட்டு ஆர்டர் ரத்தாகித் தங்கிப்போன சரக்கு. அதன்மேல் நம் பூங்காவை அச்சடித்திருக்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் இதை எனக்கு முன்னால் கண்டுபிடித்திருப்பீர்கள்.

இந்தப் பழக்கம் உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது. வீட்டு முன்னறையில் நாலைந்து தையல் மெஷின் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். கையில் எந்தத் துணி கிடைத்தாலும் முதலில் உள்பக்கம்தான் பார்ப்பீர்கள். கல்யாணத்தில் வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணியை நீங்கள் பந்தியிலேயே திருப்பிப் பார்க்க, பெண் வீட்டார் முறைத்தது எனக்கு மறக்கவில்லை. "வெளிப்பக்கம் நமக்குக் காட்டறதுக்குத் தெச்சது கண்ணு, உள்பக்கந்தான் அவங்க நெசமாத் தெச்சது" என்பீர்கள். மனிதர்களையும் அப்படித்தான் பார்த்தீர்கள்.

என்னையும் விடவில்லையே. தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து ஒரு கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் முடிந்ததும் நேரே பூங்காவுக்கு வந்து உட்கார்ந்துவிடுவேன். வாடகை அறையில் காற்று கிடையாது. நீங்கள் எதிரே வந்து நின்று, "ஏனுங்க, எந்த ஊருங்க? வாராவாரம் இங்கயே உக்காந்திருக்கீங்களே, யாருக்காவது காத்திருக்கீங்களா?" என்று கேட்டீர்கள். மரியாதை குறையாத விசாரணை. எனக்கும் உங்கள்மேல் சந்தேகம்தான். பூங்கா சங்கத்துக்குத் தலைவி, சம்பளம் கிடையாது, ஆனாலும் விடிந்தால் குழாயைப் பிடித்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் விடுகிறார், கவுன்சிலர் தேர்தலுக்கு அடி போடுகிறார் என்று நினைத்தேன். தேர்தல் வந்தது, போனது. நீங்கள் நிற்கவில்லை. அடுத்த தேர்தல்வரை பொறுத்திருந்து பார்த்த பிறகுதான் உங்கள் வீட்டில் காப்பி குடித்தேன்.

மாநகராட்சி பூங்காவைக் கட்டித் திறந்துவைத்ததோடு சரி. மோட்டார், காவலாளி, கழிப்பறை இதற்கெல்லாம் யார் கொடுப்பது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கொடுக்கிறேன் என்று வந்தவர்களுக்கும் குறைச்சல் இல்லை. ஒருவர் நுழைவாயிலில் தன் பெயரில் வளைவு கேட்டார். இன்னொருவர் ஊஞ்சல் இருந்த மூலையை விளம்பரப் பலகைக்குக் கேட்டார். நீங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, எல்லோரையும் திருப்பி அனுப்பினீர்கள். கடைசியில் நீங்களே ஒரு வழி கண்டீர்கள். ஞாயிறு சாயங்காலம் நடைபாதை ஓரமாகச் செகண்ட்ஸ் பனியன் கடை. தையலில் சின்னக் குறை இருந்து ஏற்றுமதிக்குத் தேறாத சரக்கு, நம்மைப் போன்ற பெண்கள் விற்பது. கடை போடுகிறவர்கள் கொடுக்கும் வாடகை காவலாளி சம்பளத்துக்கும் கரண்டுக்கும் போனது. அதிலும் உங்கள் குணம் போகவில்லை. யாருக்கும் நிரந்தர இடம் கிடையாது, வாராவாரம் சீட்டுக் குலுக்கித்தான் இடம். "எடம் நெலச்சுப்போச்சுன்னா அப்பறம் அது அவங்க ஊட்டுச் சொத்தாயிரும்" என்றீர்கள்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கூட்டம் ஞாயிறு முழுக்க நம் பூங்காவில்தான். வேப்பமரத்தடியில் எங்கள் கோயில் பிள்ளைகள் பாட்டுப் பழகுவார்கள். அந்தப் பக்கம் உங்கள் ஆட்கள் வள்ளி கும்மிக்கு அடியெடுத்துப் பழகுவார்கள். பீகார்ப் பையன்கள் புல்லில் படுத்துக்கொண்டு ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ போட்டு மரத்தைக் காட்டுவார்கள். அவர்களுக்கு மற்ற ஆறு நாளும் மெஷின்தான்.

இந்தக் கோடையில் மோட்டார் எரிந்துவிட்டது அக்கா. கடை வாடகையில் அதைச் சரிசெய்ய முடியாது. புல் காய்ந்து மண் தெரிகிறது, நீங்கள் வைத்த செவ்வரளிகூடச் சுருண்டுவிட்டது. இந்த நேரம் பார்த்துத்தான் சட்டை கொடுத்த அந்தப் பனியன் கம்பெனி வந்திருக்கிறது. மோட்டார், விளக்கு, கழிப்பறை, காவலாளி எல்லாம் அவர்கள் பொறுப்பாம். அவர்களுடைய மேனேஜர் வெள்ளகோவில்காரர், இளம் வயது, தன்மையாகப் பேசுகிறார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. கூட்டத்தில் சங்கத்து ஆட்கள் கைதட்டத் தயாராக இருந்தார்கள். நான் எழுந்து, ஞாயிற்றுக்கிழமை எப்படி என்று கேட்டேன்.

மேனேஜர்தான் பதில் சொன்னார். "ஞாயித்துக்கெழம மட்டும் பராமரிப்புக்குப் பூட்டி வெச்சுக்கலாம்னு எங்க சார் சொல்றாருங்க. கூட்டம் ஜாஸ்தி, புல்லு தாங்காதுங்க. சாவி மட்டும் எங்க காவலாளிகிட்ட இருந்தாப் போதுங்க."

பாருங்கள், உள்பக்கம் வந்துவிட்டது. வேலைக்குப் போகாதவர்கள் தினமும் நடக்கலாம், வேலை செய்கிறவர்களுக்கு இருக்கிற ஒரு நாளில் பூட்டு. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வேண்டாம் என்றும் வாயில் வரவில்லை, தண்ணீர் இல்லாமல் இன்னும் ஒரு மாதம் போனால் பூட்டுவதற்கே பூங்கா இருக்காது. ஞாயிறு பூட்டக் கூடாது, அதற்குச் சம்மதமானால் பேசலாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சங்கத்தில் பாதிப்பேர் என்னோடு பேசுவதில்லை. வருகிற சீதேவியை நான் விரட்டுகிறேனாம்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் நீங்கள் பூங்கா சாவியைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்த நாளை நினைத்துக்கொள்கிறேன். அப்போதும் எனக்குச் சந்தேகம். சங்கத்தில் உங்கள் சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்க, வெளியூர்க்காரி என்னிடம் ஏன்? கேட்டேவிட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தீர்கள்.

"எங்காளுங்க நல்லவங்க கண்ணு. யாராச்சும் வந்து நல்லவிதமாக் கேட்டாக் குடுத்துப்போடுவாங்க. நீ என்னையே ரெண்டு எலெக்சன் வரைக்கும் நம்பல. நீ குடுக்க மாட்டே."

போன ஞாயிறு சாயங்காலம் அந்த மேனேஜர் வந்தார். கம்பெனி வண்டியில் இல்லை, மனைவி, கைக்குழந்தையோடு பைக்கில். நான் பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், வேவு பார்க்க வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். கும்மியைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். பிறகு ஒரு கடையில் குழந்தைக்குச் சட்டை எடுத்தார். வாங்குமுன் அதை உள்பக்கம் திருப்பி, தையலை இழுத்துப் பார்த்தார் அக்கா! நீங்கள் பார்ப்பதுபோலவே. நெஞ்சு ஒரு நிமிஷம் நெகிழ்ந்துவிட்டது.

அப்புறம் என்னிடம் வந்தார். ஞாயிறு பூட்ட வேண்டாம் என்று முதலாளியிடம் பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டாராம், எழுதியே கொடுக்கிறார்களாம். கையெழுத்தான மறுநாளே மோட்டார் கழற்ற ஆள் வருமாம். உட்கார்ந்து, நம் வேப்பமரத்தைப் பற்றியெல்லாம் அக்கறையாக விசாரித்தார். நல்ல பிள்ளை, அதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. கிளம்பும்போது, "அப்பறம் அந்தச் சாவிங்க அக்கா" என்று கை நீட்டினார், ரொம்ப நல்லவிதமாக.

"அது என்கிட்டயே இருக்கட்டும் தம்பி" என்றேன்.