மாப்பிள்ளையின் நாற்காலி

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அவளுக்கு முழங்கால் வலியும் எனக்கு வழக்கமான கோபமும் தவிர. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது, மூன்று மாடியும் ஏறித்தான் வருகிறேன். உன் மாமன் போன வாரம் வந்து தன் புது வீட்டுக் குளியலறையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனான். பதினோரு வருஷத்துக்கு முன் செய்ததற்கு ஒரு மன்னிப்பாவது வரும் என்று காபி ஆறும்வரை நான் காத்திருந்ததுதான் மிச்சம். நீ வெளியூர் போய்ப் படிப்பதற்கான விண்ணப்பத்தில் என் கையெழுத்தைப் போட்டுவிடச் சொல்லி உன் அம்மாவுக்கு யோசனை கொடுத்தவன் அவன்தான், அவளும் போட்டாள். அன்றிலிருந்து அவளும் நானும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. உனக்குத் தெரியாததல்ல. நீ கிளம்பும்வரை இரண்டு மாதம் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, “அப்பாகிட்ட சொல்லு”, “உங்கம்மாகிட்ட சொல்லு” என்று வந்ததையெல்லாம் சுமந்தவள் நீதான். நீ போன பிறகு ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டிக் காலம் தள்ளினோம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில், “அப்பா, அவரும் நானும் பிரிஞ்சிட்டோம், அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்” என்றாய். பிரிவதற்கு முதலில் சேர்ந்திருக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளைச் சுற்றிப் பார்த்து, தானாகப் பற்றியதா, பற்றவைத்ததா என்று எழுதிக் கொடுக்கிறவன் நான். விடுமுறைக்கு அந்த நெட்டையனைக் கூட்டி வந்து, “இவரைத்தான் கட்டிக்கப் போறேன்” என்று வாசலில் நிறுத்தினாயே, அன்று மாலையே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டடத்து வாசலில் ஒரே குடைக்குள் ஒட்டிக்கொண்டு நடந்தீர்கள். முனை திரும்பியதும் குடையை அவனிடம் கொடுத்துவிட்டு, நீ நனைந்தபடி நாலடி தள்ளிப் போனாய். சமையலறை ஜன்னலிலிருந்து பக்கத்துத் தெருவும் தெரியும் என்பதை மறந்துவிட்டாய். உறவுக்காரர்களின் வாயை அடைக்க நடத்தும் நாடகம் என்று நினைத்தேன். எல்லாரும் கூடியிருக்கும்போது உடைத்துவிட நல்ல நேரம் பார்த்துக் காத்திருந்தேன். அதை மறைக்க மாட்டேன், எனக்கு அப்படி ஒரு மனசு.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது அவன் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தான். ஆஸ்பத்திரியில் நோயாளி சொல்வதை டாக்டருக்கும் டாக்டர் சொல்வதை நோயாளிக்கும் மொழிபெயர்க்கிற வேலையல்லவா அவனுக்கு. நான், “உப்பே இல்லைன்னு சொல்லுங்க தம்பி” என்றேன். அவன் அந்தப் பக்கம் திரும்பி, “அத்தை, மாமாவுக்குச் சாப்பாடு ரொம்பப் பிடிச்சிருக்கு, உப்பு மட்டும் ஒரு சிட்டிகை வேணுமாம்” என்றான். உன் அம்மா, “நாக்கு செத்த மனுஷனுக்கு எவ்வளவு கொட்டினாலும் தெரியாதுன்னு சொல்லுங்க மாப்ள” என்றாள். அவன் என்னிடம், “உப்பு உங்க உடம்புக்கு ஆகாதேன்னு அத்தை கவலைப்படறாங்க மாமா” என்றான். உனக்குப் புரையேறியது. உன் அம்மா சிரித்தாள். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. அதற்குமேல் எதையும் உடைக்க மனம் வரவில்லை. மீதி நாட்களில், அவள் அப்பா இறந்த அன்று நான் ஏன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றேன் என்பதுவரை அவன் வழியாகப் பேசிவிட்டோம்.

நீங்கள் போன அன்று மதியம் உன் அம்மா மூன்று தட்டு வைத்தாள். அவன் நாற்காலி அதே இடத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து அவள், “கரண்ட்காரன் வந்தானான்னு கேளுங்க மாப்ள” என்கிறாள். அதைப் பார்த்து நான், “வரலைன்னு சொல்லுங்க தம்பி” என்கிறேன். நடுவில் கொஞ்ச நேரம் விடுகிறோம், அவன் மாற்றிச் சொல்ல. பேய் பிசாசு நம்பாதவன்தான் நான். ஆனால் அந்த இடைவெளியில் என் சொல் எங்கேயோ போய் இளகி அவளிடம் சேர்வதை அவள் முகத்தில் பார்க்கிறேன். குழாய் சரிசெய்ய வந்தவர் அதில் உட்காரப் போனபோது இரண்டு பேரும் ஒரே குரலில், “அதுல வேணாம்” என்று கத்திவிட்டோம். அவர் கருவிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபடியே வேலையை முடித்தார்.

நேற்றுக் காலை அவள் நாற்காலியிடம், “நம்ம பொண்ணுக்கும் உங்களுக்கும் ஒண்ணுமில்லைங்கறது அவருக்குத் தெரியுமான்னு கேளுங்க” என்றாள். “முதல் நாள்லேர்ந்தே தெரியும்னு சொல்லுங்க” என்றேன். இடைவெளி நீண்டது. “எனக்கும்தான்னு சொல்லுங்க” என்றாள். ஆகவே நீ யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. எந்த உறவுக்காரன் உன்னைக் கல்யாணம் பற்றிக் கேட்டான்? நாங்களே கேட்டதில்லையே, கேட்பதென்றால் முதலில் நாங்கள் இருவரும் பேசியிருக்க வேண்டும். தனியாக வந்தால் அந்த நாற்காலியில் நீதான் உட்கார வேண்டியிருக்கும். அதற்குப் பயந்து பத்து நாளைக்கு ஓர் ஆளைக் கூட்டி வந்திருக்கிறாய், அதுவும் தொழில் தெரிந்த ஆளாக. உன் மாமன் மேலும் உன் அம்மா மேலும் நான் வைத்திருக்கும் கணக்கெல்லாம் எனக்கு மனப்பாடம். உன்னை நடுவில் உட்கார வைத்த கணக்கில் என் பெயரும் இருப்பதை யாரும் சொல்லவில்லை.

கிளம்பும் காலையில் டாக்சிக்குக் காத்திருந்தபோது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாய், அவன் மூச்சுவிடாமல் நின்றான். அதைப் பற்றி நான் அறிக்கை எழுதப் போவதில்லை. அவன் இன்னொரு முறை வருவதானால் உனக்காக வரட்டும், எங்களுக்காக வேண்டாம்.

உன்னை நடுவில் உட்கார வைக்க மாட்டோம், தைரியமாக வா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதும் முன் சோதித்துவிடலாமென்று சமையலறை வாசலில் போய் நின்று, உனக்குக் கடிதம் எழுதுவதை அவளிடம் நேராகச் சொல்ல வாயைத் திறந்தேன். அவளும் கரண்டியோடு திரும்பினாள். பிறகு இருவரும் அந்த நாற்காலியைத்தான் பார்த்தோம்.

நோயில்லாமல், எதற்கும் பயப்படாமல் நன்றாக இரு. பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடாதே. டிக்கெட்டை மட்டும் இப்போது போட்டுவிடாதே அம்மா.

ஆசிகளுடன்,
அப்பா