காத்திருந்த மூன்று மணி நேரம்

திருவொற்றியூர்,
வியாழன் மாலை.

மித்ராவின் அப்பாவுக்கு,

ஜெய்பீம். கப்பலுக்கு வரும் மெயிலைக் கேப்டன்தான் முதலில் பார்ப்பார் என்றீர்கள். பார்க்கட்டும்.

நம் மகள் உயிரோடு இருக்கிறாள். காய்ச்சலில் வீங்கிய இதயம் கொஞ்சம் தேறியிருக்கிறதாம். ஆனாலும் ஐந்தாவது நாளாக இயந்திரம்தான் இதயமும் நுரையீரலுமாக இருக்கிறது. இப்போது கவலை வலது கால். இயந்திரத்தின் குழாய் தொடையிடுக்கு வழியாகப் போகிறது. அந்தத் தடித்த குழாய் ரத்தநாளத்தை அடைத்துக்கொண்டதில் காலுக்கு ரத்தம் இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நீங்கள் பேசியபோது பாதம் சில்லிட்டு வெளுத்திருந்தது. கெண்டைக்காலைக் கீறி இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும், காலுக்கென்று தனியாக ஒரு சிறு குழாய் வைக்க வேண்டும், கையெழுத்து வேண்டும் என்றார் டாக்டர். "ரேஸ்ல ஓட்ற பொண்ணு கால்ல கத்தி வெக்க வுடாத. நான் திருப்பிக் கூப்புட்றேன்" என்றீர்கள். லைன் போய்விட்டது.

நான் காத்திருந்தேன். உங்களைப் பிடிக்க ராயபுரம் கப்பல் ஏஜெண்ட் ஆபீசுக்கு ஓடிய உங்கள் தம்பி பீம்ராவ் அங்கிருந்தே போனில் திட்டினார். "இன்னா அண்ணி, அண்ணன் கடல்ல கீது, புள்ள உன் கண்ணு முன்னால கீது. நீ அம்மாதான? போடு கையெழுத்த."

நர்ஸ் ஷைனி மணிக்கொரு முறை பாதத்தில் ஒரு கருவியை வைத்து ரத்தம் ஓடும் சத்தம் கேட்பாள். மூன்றாவது முறை நகர்த்தி நகர்த்தி வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் ஜெல்லைத் துடைத்தாள். அப்போதுதான் கையெழுத்துப் போட்டேன்.

பள்ளிக்கூட ஆபீசில் தினமும் எத்தனை தாளில் கையெழுத்துப் போடுகிறேன். இதற்கு மட்டும் உங்கள் சொல் வேண்டியிருந்தது. உங்கள் மேல் கோபமில்லை என்று எழுதினால் பொய். ஆனால் காத்திருந்தது நான்.

பீம்ராவ் சாப்பாடு கொண்டுவருகிறார். உங்கள் அம்மாவிடம் காலைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

கீறிக் குழாய் வைத்த பிறகும் விரல்கள் கருத்துவிட்டன. நாளைக் காலை மறுபடி பார்ப்பார்கள். ரத்தம் ஏறவில்லையென்றால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்றார் டாக்டர். கேட்ட நிமிடமே கையெழுத்துப் போடுவேன். உங்களைக் கூப்பிட மாட்டேன்.

கண் விழித்ததும் அவள் உங்களைத்தான் தேடுவாள். அழுவதை வெளியிலேயே அழுதுவிட்டு உள்ளே வாருங்கள். அம்மா மட்டுமில்லை, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் சம்மதித்தோம் என்று அவளிடம் சொல்லுங்கள். இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

பத்திரமாகக் கரை சேருங்கள்.

உங்கள்
அம்மு