கிட்டவா, தூரமா அத்தை?

பிரியமுள்ள அத்தை,

இன்று காலை எழுந்ததும் முதலில் இடது கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டேன். ஒரு சொட்டு கன்னத்தில் வழிந்தது, அடுத்தது இமையில் விழுந்தது, அதற்கடுத்ததுதான் கண்ணுக்குள் போனது. நாளை எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. நாற்பத்தாறு வயதில் புரையா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆஸ்துமா இழுப்புக்காக வருஷக்கணக்கில் விழுங்கிய ஸ்டீராய்டு மாத்திரைகளின் வேலை என்கிறார் டாக்டர். அடுத்த மாதம் வலது கண்ணுக்கும் செய்ய வேண்டுமாம்.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. திருவொற்றியூர் மார்க்கெட்டில் நீங்கள் உட்கார்ந்து மீன் வெட்டிக் கொடுத்த இடத்தில் இப்போது செல்வி உட்கார்கிறாள். அவளும் வாய்க்காரிதான். ஆனாலும் உங்கள் அளவுக்கு வரவில்லை.

இன்றைக்குள் ஆஸ்பத்திரிக்கு நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். உள்ளே வைக்கப்போகும் லென்ஸ் தூரப் பார்வைக்கா, கிட்டப் பார்வைக்கா? இரண்டுக்கும் ஆகிற லென்ஸ் என் கண்ணுக்குச் சரிவராதாம். ஒன்று கண்ணாடி இல்லாமல் தெரியும், மற்றதற்குக் கண்ணாடி போட வேண்டும். இதே கேள்வியை உங்களிடமும் கேட்டார்களே, நினைவிருக்கிறதா?

அன்று டாக்டரம்மா கண் படத்தைக் காட்டி, கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மங்கிவிட்டது என்று விளக்கத் தொடங்கியதுமே நீங்கள் இடைமறித்தீர்கள். "கொயம்புல வேகும்போது மீன் கண்ணுல வெள்ளையா முத்து ஒண்ணு வருமே, அதுவா?"

"அதேதாம்மா" என்று அவர் சிரித்துவிட்டார். அந்த முத்தைச் சுற்றி, முடியைவிட மெல்லிய ஒரு பை உண்டு. பையின் முன்பக்கம் வட்டமாகத் திறந்து, மங்கியதை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே பைக்குள் புது லென்ஸை வைப்போம் என்றார்.

"அப்ப வூட்ட இடிக்கல. உள்ள கீறவன மட்டும் காலி பண்ணிட்டு வேற ஆள குடி வெக்கிறீங்கோ. அட்வான்ஸ் உண்டா?"

அந்த அறையே சிரித்தது. பிறகு அவர், எல்லோரும் போல உங்களுக்கும் தூரத்துக்கே வைத்துவிடலாம் என்றார். "வாணாம், கிட்டக்க வையி" என்றீர்கள் நீங்கள். உங்கள் மகனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரோட்ல லாரி வர்றது தெரியாம போய் வுயப்போற பாரு!"

"ரோட்டுக்கு நான் கண்ணாடி போட்டுக்கிறேன்டா. மீன் வெட்டும்போது செதிலு தெறிக்குது, ரத்தம் தெறிக்குது. கண்ணாடிய தொடைப்பனா, கைய பாப்பனா? வெரலு என்துதான? நீ மூடிகினு இரு நைனா."

டாக்டரம்மா உடனே ஒப்புக்கொண்டார். எனக்குத்தான் ஆச்சரியம் தீரவில்லை. பள்ளிக்கூடப் பக்கமே போகாத நீங்கள், உங்களுக்கு எது வேண்டும் என்பதை எவ்வளவு தெளிவாகக் கேட்டு வாங்கினீர்கள்! இரண்டு பட்டம் வாங்கிய நான் ஹோட்டலில்கூட, மற்றவர்கள் கேட்டதையே எனக்கும் சொல்கிறவள்.

அறுவை சிகிச்சையை வெளியே ஒரு திரையில் காட்டினார்கள். உங்கள் கண் பூசணிக்காய் பருமனுக்குத் தெரிந்தது. புரை நன்றாக முற்றியிருந்ததால் பையின் மேல் நீலச் சாயம் பூசினார்கள்; இல்லையென்றால் அது டாக்டர் கண்ணுக்கே சரியாகத் தெரியாதாம். சுருட்டி உள்ளே விட்ட லென்ஸ், பைக்குள் போனதும் தன்பாட்டுக்கு மெதுவாக விரிந்தது. நான் மூச்சு விட மறந்து நின்றேன். நீங்களோ முகத்தை மூடிய துணிக்குள்ளிருந்து "இன்னா, குடி வந்துட்டானா?" என்று கேட்டீர்களாம். நர்ஸ் வெளியே வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். "எங்கம்மாவே கிட்டக்கதான வெச்சிகினாங்கோ. நீ டீச்சரு. பேப்பர் திருத்த சௌகரியமா இருக்கும்" என்கிறார் உங்கள் மகன். பள்ளியில் உடன் வேலை பார்க்கிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆனால் உங்கள் கணக்கை என் வாழ்க்கைக்குப் போட்டால் விடை வேறாக வருகிறதே. பேப்பர் திருத்துவது உட்கார்ந்து செய்கிற வேலை. அங்கே கண்ணாடி என்னை ஒன்றும் செய்யாது. ஸ்கூட்டரில்தான் அது இடைஞ்சல். மழையில் நனைகிறது, ஹெல்மெட்டுக்குள் ஆவி படிகிறது. இந்தப் புரை வந்ததிலிருந்து எதிரே வரும் டேங்கர் லாரியின் விளக்கு கண்ணுக்குள் வெடித்துச் சிதறுவதால், வண்டி ஓட்டுவதையே விட்டுவிட்டேன். உங்கள் மகன் வந்து கூட்டிப்போகும்வரை பள்ளி வாசலில் நிற்கிறேன்.

அதுகூட முழுக் காரணம் இல்லை, அத்தை. எட்டாம் வகுப்பில் மூக்கில் ஏறிய கண்ணாடி இது. மொட்டை மாடியில் நின்றால், துறைமுகத்துக்குள் போக முறை வராமல் கடலில் காத்து நிற்கும் கப்பல்கள் தெரியும் என்பார்கள். வெறுங்கண்ணால் அவற்றை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் போலிருக்கிறது. நீங்கள் பிழைப்புக்காகக் கேட்டீர்கள். நான் வெறும் ஆசைக்காகக் கேட்கலாமா?

இதை யோசித்தபோதுதான் உங்கள் கண்கட்டைப் பிரித்த நாள் ஞாபகம் வந்தது. என் முகவாயைப் பிடித்து உங்கள் மூக்குக்கு நேரே இழுத்தீர்கள். "இன்னாடி டீச்சரு, மூஞ்சில இத்தினி மச்சமா? கல்யாணத்தப்ப பௌடர் போட்டு ஏமாத்திட்டீங்களேடி!" பிறகு உங்கள் மகன் முகம். பிறகு பக்கத்து வீட்டுக் குழந்தையின் முகம். மீனுக்கென்று கேட்டு வாங்கிய பார்வையை வைத்துக்கொண்டு அன்று முழுக்க நீங்கள் ஒரு மீனையும் பார்க்கவில்லை. முகம் பார்க்கிற ஆசையும் உங்களுக்கு இருந்திருக்கிறது. அதை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதை முடித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து "தூரம்" என்று சொல்லப்போகிறேன். உங்கள் மகனுக்குக்கூட இது இன்னும் தெரியாது. அவரிடம் சொல்லும்போது, "வைக்கச் சொல்லட்டுமா?" என்று இழுக்கமாட்டேன், வைக்கச் சொல்லிவிட்டேன் என்றுதான் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மருமகள்,
வசந்தி டீச்சர்